வெள்ளிக்கிழமை உப்பு

"இது பேச மாட்டேங்கறதும்மா. ஊமையாயிடுத்து," என்று ஜம்பகம் மாமி தன் போனை மேஜைமேல் வைத்தாள்.

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் நிர்மலாவின் கடை. செல்போன் பழுது பார்க்கும் கடை என்றுதான் பலகை சொல்லும். ஆனால் போன் கெட்டவர்களைவிட நிம்மதி கெட்டவர்களே அங்கே அதிகம் வருவார்கள். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் வீட்டில் காணாமல்போன கொலுசை, ஒரு போனில் அலாரம் வைத்திருந்த நேரத்தைக் கொண்டே கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். நாற்பத்தைந்து வயது, குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

நிர்மலா போனை வாங்கி ஒரு பாட்டை ஓட விட்டாள். கடை முழுக்கக் கேட்டது.

"நல்லாத்தானே பேசுது மாமி?"

"இங்க பேசும். வீட்டுலயும் கிளி மாதிரி பேசும். மடத்துல போய் உக்காந்து பூ கட்டறச்சே போட்டாதான், படம் ஓடறது, வாய் மட்டும் அசையறது. மூணு வாரம் முன்னாடி இதுக்குத்தானே உன்கிட்ட குடுத்தேன்? ஒரு வாரம் வெச்சிருந்து கோளாறே இல்லைன்னு திருப்பிக் குடுத்தே. போன வெள்ளிக்கிழமை மறுபடி அதே கதை. எங்க பொண்ணு ஸ்ரீவர்ஷினி போன மாசம் பெங்களூர்ல புதுசு வாங்கிண்டு, பழசை என் தலைல கட்டிட்டா."

"இருக்கட்டும் மாமி. நாளைக்கு மடத்துக்கே வந்து பாக்கறேன்."

மாமி போனதும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பங்காரு வாய் திறந்தான். கே.ஜி.கண்டிகைக்காரன், ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரி வரும்வரை என்று சொல்லிக் காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்திருப்பான். ஊரில் எந்தத் தப்பு நடந்தாலும் மூன்றே நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவான். என்ன, ஒவ்வொரு முறையும் தப்பான ஆளாக இருக்கும். அதற்கெல்லாம் அவன் அசந்ததே இல்லை.

"இன்னாக்கா இது, மடத்துல ஏதோ காத்து கருப்பு இருக்குது போல," என்றான்.

அதற்குள் வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்றான். ஜம்பகம் மாமி தெருத் திரும்பும்வரை எதிர்க் கடை மறைவில் நின்றுவிட்டு வந்திருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் நாகேஷ். மாமியின் கணவர் வைத்தீஸ்வரனுக்குத் தங்கை மகன். அவரோடு சேவற்கொடியார் மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்கிறவன்.

"அக்கா, நாளைக்கு என்னை மடத்தை விட்டு அனுப்பப் போறா," என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "சாமிக்குப் படைக்கிற பொங்கல்ல வேணும்னே உப்பைக் கொட்டினவன்னு பேர் வந்துடுத்து. இந்தப் பேரோட இந்த மலையைச் சுத்தி எந்த மடைப்பள்ளியும் என்னை உள்ள விடாது. எனக்கு வேற தொழில் தெரியாதுக்கா."

நிர்மலா கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "உக்காரு. முதல்லேருந்து சொல்லு."

அவன் சொன்னது இதுதான். மலையடிவாரத்தில் இருக்கிற அந்த மடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் முருகனுக்கு வெண்பொங்கல் படைத்து, படியேறப் போகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். படைக்கும் முன் சமைத்தவர் ருசி பார்க்கக் கூடாது. வாசனையும் பிடிக்கக் கூடாது. எச்சில் தெறிக்காமல் இருக்க மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் சமைப்பார்கள். பேச்சே கிடையாது. ஆகவே அண்டாவில் உப்பைப் போட்டவர், கரண்டியால் அண்டா விளிம்பில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும். தட்டுச் சத்தம் கேட்டால் உப்பு ஆயிற்று என்று அர்த்தம். கேட்காவிட்டால் மூத்த சமையற்காரர் வந்து தானே போடுவார். தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம்.

"நான் வெண்பொங்கல் அண்டாகிட்ட நிப்பேன். மாமா எனக்கு முதுகைக் காட்டிண்டு அந்தாண்டை அடுப்புல சர்க்கரைப் பொங்கல் கிண்டுவார். உப்பைப் போட்டு மூணு தட்டு தட்டிட்டு நான் கிணத்தடிக்குத் தண்ணிக்குப் போயிடுவேன். நாலு வாரமா, தட்டவே இல்லைன்னு மாமா சொல்றார். அதனால தானும் ஒரு கை போட்டேங்கறார். பொங்கலை வாயில வெக்க முடியலை. வரிசையில நின்னவா என்னைக் காறித் துப்பாத குறை. நிர்வாகி எல்லார் முன்னாடியும் என் பேரைச் சொல்லித் திட்டினார்."

"நீ தட்டினியா?"

"பழனியாண்டவர் மேல சத்தியமா தட்டினேன்க்கா."

"உங்க மாமா பொய் சொல்றவரா?"

நாகேஷ் கொஞ்சம் யோசித்தான். "இல்லை," என்றான். "அதுதான் கஷ்டமா இருக்கு."

"நாலு வெள்ளியுமா கெட்டுப்போச்சு?"

"இல்லைக்கா. முதல் ரெண்டு வெள்ளி கெட்டுது. மூணாவது வெள்ளி மணி மணியா இருந்துது. போன வெள்ளி மறுபடி கெட்டுது. மத்த நாள்ல படைக்கிற சித்திரான்னத்துல எந்தக் குத்தமும் இல்லை."

பங்காரு தொடையைத் தட்டினான். "அக்கா, புரிஞ்சிபோச்சு! அந்த நிர்வாகிதான். சமையலைக் காண்ட்ராக்டுல வுடணும்னு பாக்கறான். இவன் தண்ணிக்குப் போற நேரமாப் பாத்து பூந்து உப்பைக் கொட்டிக்கினு இருக்கான்!"

"அப்படின்னா மூணு கை உப்பு விழுந்திருக்கணும் பங்காரு. வைத்தி சாமிதான் தானும் போட்டேன்னு ஒத்துக்கறாரே. கெட்டுப்போக அந்த ரெண்டு கையே போதும்," என்று நிர்மலா எழுந்தாள். "ஆட்டோவை எடு. போய்ப் பாத்துட்டு வரலாம்."

மடத்தில் அன்று மதியத்துக்கான புளியோதரை தயாராகிக்கொண்டிருந்தது. மடியாக இல்லாதவர்கள் சமையற்கட்டுக்குள் போகக் கூடாது என்பதால் நிர்மலாவும் பங்காருவும் நாகேஷோடு வெளியே கம்பி ஜன்னலோரம் நின்றார்கள். உள்ளே பெரிய அடுப்புகள் 'உஸ்'ஸென்று இரைந்தன. ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு வைத்தீஸ்வரன் கிண்டிக்கொண்டிருந்தார். தலையில் ஈரத் துண்டு, வாயில் கட்டு. துண்டுக்கு அடியிலிருந்து இறங்கிய கறுப்பு ஒயர் ஒன்று, இடுப்பில் செருகியிருந்த சின்னப் பட்டுப் பைக்குள் போனது.

"அது இன்னாது?" என்றான் பங்காரு.

"ஸ்லோகம் கேக்கற பொட்டி," என்று கிசுகிசுத்தான் நாகேஷ். "போனை உள்ள கொண்டுவரப்படாது. அதனால மாமா போனை இந்த ஜன்னல் திட்டுல வெச்சுடுவார். அந்தப் பொட்டி ஒயர் இல்லாமலே போன்லேர்ந்து சத்தத்தை வாங்கி, பெருசு பண்ணி, இயர்போனுக்கு அனுப்புமாம். ஸ்ரீவர்ஷினி ரயில்ல வேலைக்குப் போயிண்டிருந்தப்போ வெச்சிருந்தது. முதல்ல காதுக்குள்ளயே சொருகற குட்டிதான் வாங்கிக் குடுத்தா. அது வேர்வையில நழுவி பாயசத்துல விழுந்து, அன்னிக்கு பாயசம் பூராவும் சாக்கடைக்குப் போச்சு. அப்புறம்தான் இது. பட்டுக்குத் தீட்டு இல்லையோன்னோ, மாமி பட்டுல பை தைச்சுக் குடுத்தா."

பெட்டி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நிர்மலா அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் திட்டில் கிடந்த போனைப் பார்த்தாள். திரை கீழே கவிழ்ந்திருக்க, போனின் அடிப்பக்கம் அடுப்பைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த நேரம் சமையற்கட்டின் மறுபக்க வாசலில் மடத்து நிர்வாகி ஸ்கந்தகுமார் வந்து நின்றார். "வைத்தி சாமி!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. "வைத்தி சாமி!" என்று மறுபடி உரக்கக் கூப்பிட்டார். கரண்டி நிற்கவே இல்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பக்தின்னா இதுதான்க்கா! ஸ்லோகத்துல அப்படியே மூழ்கிட்டார் மனுசன்," என்று பங்காரு உருகினான். உருகிய வேகத்தில் கையிலிருந்த ஆட்டோ சாவி நழுவி, ஜன்னல் திட்டில் போனுக்குப் பக்கத்தில் 'ணிங்' என்று விழுந்தது.

உள்ளே வைத்தீஸ்வரன் தேள் கொட்டினாற்போல் துள்ளினார். கை காதுக்குப் போனது. திரும்பி நேராக ஜன்னலைப் பார்த்து முறைத்தார்.

"மன்னிச்சிக்கோங்க சாமி," என்று பங்காரு அசடு வழிந்தான்.

நிர்மலா நாகேஷைத் தனியே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்க மாமி பூ கட்ட எந்தெந்த நாள் வருவாங்க? எங்க உக்காருவாங்க?"

"வெள்ளிக்கிழமை மட்டும்தான்க்கா. சமையற்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், பின் தாழ்வாரத்துல."

கடைக்குத் திரும்பியதும் நிர்மலா பழுதுக்கு வரும் போன்களை எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, சுவர் காலண்டரைப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடிவிட்டு டீ சொன்னாள்.

"யாருக்கா? சொல்லேன்! மண்டை வெடிச்சிடும் போலக்கீது," என்று பங்காரு கெஞ்சினான்.

"யாரும் இல்லை பங்காரு. ஆனா நாளைக்கு ஒரு மனுசர் வாயைத் திறந்தாத்தான் அந்தப் பையன் பொழைப்பான். நான் சொல்லிட்டா அது நான் சொன்னதாத்தான் இருக்கும்." டீயை மெதுவாக ஆற்றினாள். அவள் இவ்வளவு வருத்தமாகப் பேசி பங்காரு பார்த்ததில்லை. அதனால் மேலே கேட்காமல் வாயை மூடிக்கொண்டான். இதுவே அவன் வரையில் பெரிய காரியம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கே மடத்து வாசலில் படியேறுகிற கூட்டம் வரிசை கட்டிவிட்டது. பின் தாழ்வாரத்தில் ஜம்பகம் மாமி பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்கந்தகுமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் நிர்மலாவுக்கும் பங்காருவுக்கும் பக்கத்தில் நின்றார். "இன்னிக்கும் உப்புக் கரிச்சா அந்தப் பையன் இந்த வாசப்படி ஏறக் கூடாது. அவ்ளோதான்," என்றார்.

"ஆங், சரிங்க. கொஞ்ச நேரம் இந்த வாசல்லயே நில்லுங்க," என்றாள் நிர்மலா. நாகேஷிடம் முன்பே சொல்லியிருந்தாள்: உப்பைப் போடு, தட்டு, ஆனால் தண்ணீருக்குப் போகாதே.

பொங்கல் நுரை அடங்கியது. நாகேஷ் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டான். நிர்மலா தாழ்வாரத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். மாமி போனைத் தட்டினாள். திரையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர் பேச ஆரம்பித்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

"பாத்தியா! ஊமை!" என்றாள் மாமி.

'டங், டங், டங்.' நாகேஷ் தட்டியது வாசலில் நின்றவர்களுக்கே கணீரென்று கேட்டது.

வைத்தீஸ்வரன் திரும்பவில்லை. இடுப்பிலிருந்த பட்டுப் பையை அவர் கை தேடிப் போனது. துணிக்கு மேலாகவே அமுக்கினார், மறுபடி அமுக்கினார். முகத்தில் வேதனை தெரிந்தது. சற்று நேரம் காத்திருந்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு உப்பு மரவைக்குப் போனார். ஒரு கை அள்ளிக்கொண்டு அண்டாவை நோக்கி வந்தார்.

"சாமி! போடாதீங்க!" என்று ஸ்கந்தகுமார் கத்தினார். வைத்தீஸ்வரன் காதில் விழவே இல்லை. நாகேஷ் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். உப்பு தரையில் சிதறியது. அண்டா தப்பித்தது.

"மாமி, போனை நிறுத்துங்க," என்றாள் நிர்மலா. "எல்லாரும் கொஞ்சம் ஜன்னலோரம் வாங்க."

வாசலிலேயே நிற்பதை விட்டு எதற்காக ஜன்னலுக்குப் போக வேண்டும் என்று பங்காருவுக்கு விளங்கவில்லை. அங்கே போன நிர்மலாவோ மனிதர்களைப் பார்க்காமல், திட்டில் கவிழ்ந்து கிடந்த போனிடம் சொல்வதுபோல் குனிந்து பேசினாள்.

"இந்த விசயத்துல ரெண்டு பேரும் பொய் சொல்லலை. நாகேஷ் தட்டினான். சாமிக்குக் கேக்கலை. வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கேக்கலைங்கறதுதான் கேள்வி. மாமி போன் வெள்ளிக்கிழமை மட்டும், இந்த மடத்துல மட்டும் ஊமையாகுது. நடுவுல ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் நல்லா இருந்துச்சு. அன்னிக்கு அந்த போன் எங்க இருந்துச்சுன்னு என் நோட்டுல எழுதியிருக்கு. என் கடை அலமாரியில."

"அந்த போனுக்கும் உப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் ஸ்கந்தகுமார்.

"அந்த போனும் சாமி இடுப்புல இருக்கிற பெட்டியும் ஒரே பொண்ணுகிட்டேருந்து வந்ததுங்க. ரயில்ல தினம் சேர்ந்தே போனதுங்க. பெட்டி ஒரே நேரத்துல ரெண்டு போனோட சேரும். பழைய போன் பத்து இருபது அடிக்குள்ள வந்தா, யாரும் சொல்லாமலே ஒட்டிக்கும். மாமி சுவருக்கு அந்தப் பக்கம் ராசிபலன் போட்டா, சத்தம் போன்ல வராது. பெட்டிக்குப் போய், ஒயர் வழியா சாமி காதுல பேசும். சாமி போன்லேருந்து வர்றது நின்னுடும்."

"அடேங்கப்பா!" என்றான் பங்காரு. "சுவத்துக்கு இந்தாண்ட வாய், அந்தாண்ட காதா!"

ஸ்கந்தகுமார் நெற்றியைச் சுருக்கினார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "இரும்மா. ராசிபலன் ஓடறதால தட்டு கேக்கலைன்னா, மத்த நாள்ல ஸ்லோகம் ஓடுதே? ரெண்டு காதையும் அடைச்சிக்கினு ஸ்லோகம் கேக்கிற மனுசருக்கு அப்ப மட்டும் தட்டு எப்படிக் கேக்குது?"

நிர்மலா நிமிர்ந்தாள். ஜன்னல் வழியே வைத்தீஸ்வரனைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நேற்று சாவி விழுந்தபோது அவர் துள்ளியது பங்காருவுக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஸ்லோகத்தில் மூழ்கினவர் எதற்குத் துள்ளினார்? வாசலில் நின்று கத்தினால் கேட்காதவருக்கு, திட்டில் விழுந்த சாவி எப்படிக் கேட்டது?

வைத்தீஸ்வரன் வாய்க்கட்டை அவிழ்த்தார்.

"ஸ்லோகமே கிடையாது," என்றார். "ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குக் காது போய் அஞ்சு வருஷமாச்சு. போன் அந்தத் திட்டுல இருந்தா, அடுப்புச் சத்தம், பாகு கொதிக்கற சத்தம், தட்டற சத்தம் எல்லாத்தையும் அது வாங்கி எனக்கு அனுப்பும். உள்ளூர்ல செஞ்சா தெரிஞ்சுடும்னு அரக்கோணம் போய், ஒரு கடைல அதுக்குண்டானதைப் போன்ல போட்டுண்டு வந்தேன். ருசி பாக்கப்படாது, மோந்து பாக்கப்படாது. காது ஒண்ணாலதான் நான் சமைக்கிறேன். அதுவும் இல்லைன்னு தெரிஞ்சா யார் என்னை இந்த அடுப்புகிட்ட விடுவா?"

"வெள்ளிக்கிழமை?" என்று நிர்மலா மெதுவாகக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை திடீர்னு ஒருத்தன் காதுக்குள்ள வந்து, சிம்ம ராசிக்காராளுக்கு வெளியூர்ப் பயணம்பான். எங்கேர்ந்து வரான்னே தெரியலை. பட்டுக்கு மேலாலேயே அமுக்கினேன். இன்னும் உரக்கக் கத்தினான். அவன் ஓயறதுக்குள்ள பொங்கல் பதம் தப்பிடும். தட்டியிருக்க மாட்டான்னு நானே நினைச்சுண்டு..."

"எனக்குத் தெரியும்," என்றாள் ஜம்பகம் மாமி, பூ கட்டின கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கல்யாணமான நாள்லேர்ந்து நான் கூப்பிட்டா திரும்பினதில்லை. அதுல எது செவிடு, எது பிடிவாதம்னுதான் பிடிபடலை."

யாரும் சிரிக்கவில்லை. நாகேஷ் இன்னும் மாமாவின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தான். இப்போது விட்டான்.

"உங்களுக்குச் சந்தேகம் இருந்துதா மாமா?" என்றான். "நான் தட்டியிருப்பேனோன்னு ஒரு தடவையாவது தோணித்தா? வாசல்ல அத்தனை பேர் என்னைத் திட்டினாளே. நீங்க பக்கத்துலதானே நின்னேள்?"

வைத்தீஸ்வரன் தலை குனிந்தார். "தோணித்துடா," என்றார். "பயந்துட்டேன்."

நாகேஷுக்குக் கோபம் தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை. திரும்பி நின்று வெறுமனே அண்டாவைக் கிண்டினான். ஸ்கந்தகுமார் தொண்டையைக் கனைத்தார். "பையன் மேல தப்பில்லை. அவன் இருக்கட்டும். சாமி விசயத்தை நாம அப்புறம் உக்காந்து பேசலாம்," என்றார். பேசி என்ன முடிவு எடுப்பது என்று அவருக்கே தெரியவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது.

படையல் முடிந்து பொங்கல் அண்டா வாசலுக்கு வந்தது. வழக்கமாக நாகேஷ்தான் பரிமாறுவான். அன்று வைத்தீஸ்வரன் அவனை முந்திக்கொண்டு போனார். இயர்போனைக் கழற்றிப் பட்டுப் பையோடு மாமியிடம் கொடுத்திருந்தார். வரிசைக்கு எதிரே நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"எல்லாரும் கேளுங்கோ! நாலு வாரமா பொங்கலைக் கெடுத்தது நான்! உப்பு மேல உப்பு போட்டது நான்! இந்தப் பையன் சரியாத்தான் செஞ்சான்! அவனைத் திட்டினவா என்னைத் திட்டுங்கோ!"

முதலில் நின்ற குப்பம்மாள் என்கிற திருவாலங்காட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள். "யோவ் சாமி, எதுக்கு இப்படிக் கத்துற? எங்களுக்குக் காது நல்லாத்தான்யா கேக்குது!"

வைத்தீஸ்வரன் அவள் உதட்டையே பார்த்தார். புரியவில்லை. பின்னால் வந்து நின்ற நாகேஷ் அவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, வாயை அசைத்து நிதானமாகச் சொன்னான். "ஏன் கத்தறேள்னு கேக்கறா மாமா."

அவர் குப்பம்மாளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார்.

"எனக்குக் காது கேக்காதும்மா," என்றார். "அதான்."

குப்பம்மாள் பொத்தின கையை எடுத்தாள். பிறகு தொன்னையை நீட்டினாள். நாகேஷ் மாமாவின் பக்கத்தில் வந்து நின்று, அண்டாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.